தனி ஊருக்கு ஒரு சட்டம்

எங்கள் ஊருக்குப் பிறந்த தேதி உண்டு. பெரும்பாலான ஊர்களுக்கு அது கிடையாது. எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டால், எங்கள் தாத்தா காலத்துக்கும் முன்னாலிருந்து என்பார்கள். எங்கள் ஊர் 2006ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிறந்தது. எனக்கு அப்போது பத்து வயது. என் ஊரைவிட நான் மூத்தவள் என்று சொல்லிக்கொள்ளும் அதிகாரம் எனக்கு உண்டு.

அதற்கு முன் நாங்கள் எல்லோரும் சிதம்பரம் பக்கத்துக் கிள்ளைக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய பழைய ஊரில் இருந்தோம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அந்த ஊர் இரண்டு மனதாகிவிட்டது. பாதிப் பேர் செத்தாலும் கடற்கரையை விட்டு நகரமாட்டோம் என்றார்கள். மீதிப் பேர் இனி அலைச் சத்தம் கேட்கும் இடத்தில் தூங்கமாட்டோம் என்றார்கள். தூங்கமாட்டோம் என்றவர்களுக்குக் கால்வாய்க்கு மேற்கே ஒரு தொண்டு நிறுவனம் வீடு கட்டிக் கொடுத்தது. அந்த வீடுகளுக்கு வந்தவர்கள் நாங்கள்.

இரண்டு இடத்தில் இருந்துகொண்டு ஒரே ஊராக இருப்பது லேசான காரியமில்லை. மீன் ஏலத்தில் யார் பக்கம் முதலில், திருவிழாவில் சாமி எந்தத் தெருவுக்கு முதலில், எல்லாவற்றுக்கும் சண்டை வந்தது. கடைசியில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, எங்களைத் தனி ஊராகப் போகச் சொல்லிவிட்டார்கள். பழைய ஊர் மாரியம்மன் கோவிலிலிருந்து பிடிமண் எடுத்து ஒரு பித்தளைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். அதைச் சுமந்துகொண்டு கால்வாயைத் தாண்டி வந்து, ஒரு வேப்பங்கன்றின் அடியில் தகரக் கொட்டகை போட்டு அம்மனை வைத்தோம். எங்களுடைய சுதந்திரம் இப்படித்தான் வந்தது. கொடுத்தவர்களும் அழுதார்கள், வாங்கியவர்களும் அழுதார்கள்.

சட்டம் பற்றிய பேச்சைத் தொடங்கி வைத்தவர் சிதம்பரத்து மாமா. அம்மாவின் தம்பி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கடலுக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டு, சிதம்பரத்தில் பத்திரம் எழுதுபவர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்தவர். வீடு, மனை, நஞ்சை, புஞ்சை எதுவானாலும் கிரயப் பத்திரத்தை மனப்பாடமாகச் சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவார்.

"சுதந்திரம் வாங்கிட்டீங்க. சட்டம் எங்க மாமா?" என்று அப்பாவிடம் கேட்டார்.

அதுதான் ஊர்க் கட்டுப்பாடு இருக்கிறதே என்றார் அப்பா. "அது அந்த ஊரு கட்டுப்பாடு. வெள்ளக்காரன் போனப்புறமும் அவன் சட்டத்தையே வச்சிக்கிட்டா, அப்புறம் என்னாத்துக்கு சுதந்திரம்?" என்றார் மாமா.

அப்பா அசந்துபோய்விட்டார். எனக்கும் அது பெரிய கேள்வியாகத் தோன்றியது. பல வருடம் கழித்து அந்த வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான், வெள்ளைக்காரர் 1935இல் போட்ட சட்டத்திலிருந்து நம்முடைய அரசியல் நிர்ணய சபை நிறையவே எடுத்துக்கொண்டது என்று தெரிந்தது. மற்ற பல நாடுகளிலிருந்தும் எடுத்துக்கொண்டார்கள். 1946 டிசம்பர் 9 அன்று கூடிய சபை 1949 நவம்பர் 26 வரைக்கும் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் பேசியது, எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்பதற்காகத்தான். மாமாவுக்கு இதெல்லாம் தெரியாது. ஆனாலும் அவர் செய்ததும் அதேதான். இருந்ததை வைத்துக்கொண்டு எழுதினார்.

மாமா சிதம்பரத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் நம் நாட்டு அரசியலமைப்புச் சட்டத்தின் தமிழ்ப் புத்தகம் ஒன்றைப் பிடித்து வந்திருந்தார். முதல் பக்கத்தைத் தவிர மற்றதை அவரால் படிக்க முடியவில்லை. ஆகவே எங்கள் ஊர்ச் சட்டத்தின் முதல் வாக்கியம் 'இவ்வூர் மக்களாகிய நாம்' என்று கம்பீரமாகத் தொடங்கி, இரண்டாவது வாக்கியத்திலிருந்து கிரயப் பத்திரமாக மாறிவிட்டது. ஊரின் நான்கு எல்லைகள் வந்தன. வடக்கே சவுக்குத் தோப்பு, கிழக்கே கால்வாய். பிறகு ஊரில் வரி உள்ள குடும்பங்கள் மேற்படி பொதுச் சொத்துகளையும் உரிமைகளையும் 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று வந்தது. அதைப் படிக்கும்போது மாமாவின் குரல் உயர்ந்தது. அப்பா தலையை ஆட்டினார். புரியாத வார்த்தைகள் இருந்தால்தான் சட்டத்துக்கு மதிப்பு என்று இருவரும் நினைத்தார்கள்.

வரி என்பதை இங்கே விளக்க வேண்டும். எங்கள் கரையில் அது ஊருக்குக் கட்டும் பணம் மட்டுமில்லை. கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஊருக்கு ஒரு வரி. வரி உள்ளவருக்குக் கூட்டத்தில் உட்கார இடம் உண்டு, பேச வாய் உண்டு, ஊர்ப் பொதுவில் பங்கு உண்டு. கணவன் செத்தால் வரி போய்விடும். மகன் இருந்தால் அவன் வளர்ந்து கல்யாணம் ஆனதும் திரும்ப வரும். வரி இல்லாதவர்கள் ஊரில் குடியிருக்கலாம். ஊர் என்ற கணக்கில் அவர்கள் வரமாட்டார்கள்.

எங்கள் அடுத்த வீட்டில் அத்தை இருந்தார். அப்பாவின் தங்கை. நான்கு வயதில் ஒரே மகள். அத்தையின் வீட்டுக்காரர் அலை வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கரையில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தவர். உடல் கிடைக்கவில்லை. அரசாங்கத்தின் தாளில் அவர் இறந்தவர்தான். அந்தத் தாளுக்காக மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீசுக்கும் எங்கள் ஊருக்குமாக அலைந்தவர் அப்பா. அத்தையிடம் கையெழுத்து வாங்கும்போது கூட எதற்கு என்று சொல்லவில்லை, அத்தையும் கேட்கவில்லை. அத்தை பொட்டு வைத்துக்கொண்டார். கழுத்தில் தாலி இருந்தது. அந்தமான் பக்கம் கரை ஏறியவர்கள் இருக்கிறார்கள், பர்மாவில் கூட இருக்கலாம் என்று யாரோ சொன்னதை அத்தை ஒருமுறை மட்டும் அம்மாவிடம் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எடுப்பதில்லை.

கருவாடு போட்டுத்தான் அத்தை பிழைத்தார். கால்வாய்க் கரையில் கருவாடு காயவைக்கும் களத்தை வரிக்கு இவ்வளவு இடம் என்று பிரிப்பதாகப் புதுச் சட்டத்தில் இருந்தது.

மாமா படித்துக் காட்டிய அன்று, புத்திர பௌத்திர என்றால் என்ன என்று கேட்டேன். "புத்திரன்னா ஆம்பளப் புள்ள. பௌத்திரன்னா அவனோட புள்ள" என்றார். எனக்கு இரண்டு புதிய வார்த்தைகள் கிடைத்த சந்தோஷம். நேரே அத்தை வீட்டுக்கு ஓடிப்போய் அவற்றைச் சொல்லி, அர்த்தமும் சொன்னேன். அத்தை வாளை மீனுக்கு உப்பு தடவிக்கொண்டிருந்தார். "அப்புடின்னா இவ?" என்று மகளைக் காட்டிக் கேட்டார். பெண்பிள்ளைக்கு என்ன வார்த்தை என்று மாமா சொல்லவில்லை என்றேன். அத்தை மீனையெல்லாம் தடவி முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு அப்பாவிடம் வந்தார்.

தன் பேரில் ஒரு வரி வேண்டும் என்று அத்தை கேட்டது அன்றுதான். அப்பா சிரித்துவிட்டார். உன் வரியை நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா, களத்தில் என் இடத்திலேயே காயவைத்துக்கொள் என்றார். அன்பாகத்தான் சொன்னார். நீங்கள் இருக்கிற வரைக்கும் சரி, அதற்கப்புறம் இவளுக்கு யார் வீட்டு இடம் என்று அத்தை கேட்டார். அப்பா, கூட்டத்தில் பார்க்கலாம் என்றார். கூட்டத்தில் பெண்கள் உட்காருவதில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

சட்டத்தை ஏற்பதற்கான கூட்டம் 2007 ஜனவரி 26, வெள்ளிக்கிழமை பிற்பகல் நடந்தது. அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தவர் மாமாதான் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆண்கள் அம்மன் கொட்டகைக்கு எதிரே பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் குவித்து வைத்த வலைகளுக்குப் பின்னால் நின்றோம். அத்தையின் மகள் என் இடுப்பில் இருந்தாள்.

நடுவில் நாட்டார் உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கத்தில் ஊர்த் தலைவரை அப்படித்தான் சொல்லுவோம். அத்தைக்கு அவர் பெரியப்பா முறை. அதட்டிப் பேசாத மனிதர். அவருடைய மகனும் அதே அலையில் போனவர். மகனின் உடல் மட்டும் மூன்றாம் நாள் கிடைத்தது.

மாமா எழுந்து நின்று படித்தார். 'மக்களாகிய நாம்' என்றதும் ஒருவர் குறுக்கிட்டு, வரிக்காரர்களாகிய நாம் என்று போட்டால் சரியாக இருக்குமே என்றார். முதல் வாக்கியம் அலங்காரத்துக்குத்தான், நாட்டுச் சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது என்று மாமா சொன்னார். அலங்காரம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஊருக்குள் சாராயம் விற்கக் கூடாது என்ற விதிக்குத்தான் அதிக நேரம் ஆனது. விற்பதுதானே கூடாது என்று பின்வரிசையில் ஒருவர் விளக்கம் கேட்டார். பழைய ஊருடன் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்காது என்பதை எல்லோரும் ஒரே குரலில் ஏற்றார்கள். யாரையும் கூப்பிட்டு விசாரிக்காமல் ஊரைவிட்டுத் தள்ளிவைக்கக் கூடாது என்று அப்பா ஒரு விதி சேர்க்கச் சொன்னார். அவருடைய அப்பாவை ஒருமுறை அப்படித் தள்ளிவைத்திருந்தார்கள். அதையும் ஏற்றார்கள்.

பிறகு நாட்டாரே ஒன்று சொன்னார். கடல் கொண்டுபோனவர்களின் பேரை ஊர் அழிக்கக் கூடாது. அவர்களுடைய வரி அவர்கள் பேரிலேயே இருக்கட்டும். மகன் வளர்ந்து வரும்வரைக்கும், மகள் என்றால் அவள் கல்யாணமாகிப் போகும்வரைக்கும், கூட்டம் கூடும்போதெல்லாம் அந்தப் பேரைக் கூப்பிட வேண்டும். அவர்களுக்குப் பதிலாக அண்ணனோ தம்பியோ அப்பாவோ 'இருக்கேன்' என்று சொல்லட்டும். இதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. சிலர் துண்டால் கண்ணைத் துடைத்தார்கள். இறந்தவர்களுக்கு இவ்வளவு மரியாதை செய்த சட்டம் வேறு எங்காவது இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. தேடியவரைக்கும் நான் பார்க்கவில்லை.

புது ஊரின் முதல் பெயரழைப்பு தொடங்கியது. நாட்டார் ஒவ்வொரு பேராகக் கூப்பிட, ஒவ்வொருவரும் 'இருக்கேன்' என்று சொல்லித் திருநீறு வாங்கிக்கொண்டார்கள். தன் மகன் பேரைக் கூப்பிட்டுவிட்டு, தானே 'இருக்கேன்' என்றார் நாட்டார். அதற்கடுத்து அத்தையின் வீட்டுக்காரர் பேர் வந்தது. அப்பா வாயைத் திறந்தார்.

"அண்ணா, நீங்க சொல்லாதீங்க."

அத்தை வலைக்குவியலைச் சுற்றிக்கொண்டு பாய் வரைக்கும் வந்துவிட்டார். பாயை மிதிக்கவில்லை. விளிம்பில் நின்றார்.

"பெரியப்பா, அந்த வரிய கட்டப்போறது நான். கருவாடு வித்துக் கட்டுறேன். என் பேரக் கூப்புடுங்க."

சலசலப்பு எழுந்தது. வரியில் பொம்பளை பேர் எந்த ஊரில் இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். அத்தைக்கு மச்சான் முறையாகும் ஒருவர், "நாளைக்கி போட்டையும் நானே ஓட்டுறேன்னு சொல்லும் பாரு" என்றார்.

"நீ புடிச்சத உன் பொண்டாட்டி கூடையில வச்சி விக்கலன்னா, நீயேதான் தின்னுக்கிட்டுக் கெடக்கணும் மச்சான்" என்றார் அத்தை. வலைக்குப் பின்னாலிருந்து சிரிப்பு வந்தது. ஆண்களிலும் சிலர் சிரித்தார்கள்.

மாமா எழுந்து, மக்களாகிய நாம் என்றுதான் தொடங்கியிருக்கிறோம் என்று நினைவுபடுத்தப் பார்த்தார். எழுதுவது மட்டும்தான் உங்கள் வேலை என்று நாட்டார் அவரை உட்காரச் சொன்னார். அத்தையை விரட்டவும் நாட்டாருக்கு மனமில்லை, விடவும் மனமில்லை. ஒரு வழி கண்டுபிடித்தார். அத்தையால் தாண்ட முடியாது என்று அவர் நம்பிய வழி.

"ஒரு வூட்டுக்கு ஒரு வரிதாம்மா. அவன் பேரு இருக்கயில உன் பேர எப்புடி எழுதுறது? அவன் வருவான்னு நீதான் காத்துக்கிட்டு இருக்க. பொட்டோடதான் வந்து நிக்கிற. இருக்கிறவன் பேர ஊரு தானா அடிக்கக் கூடாது, பொண்டாட்டி சொன்னாத்தான். அவன் இல்லன்னு உன் வாயால சொல்லு. இந்த அம்மன் முன்னால அடிச்சிட்டு உன் பேர எழுதுறோம்."

காற்றில் தகரம் தடதடத்தது. என் பக்கத்தில் நின்றிருந்த அம்மா, வேண்டாம் என்பதுபோல மெதுவாகத் தலையை ஆட்டினார். அத்தை எங்கள் பக்கம் திரும்பி, என் இடுப்பிலிருந்த மகளைப் பார்த்தார்.

"அவுங்க இல்ல" என்றார்.

நாட்டார் காதில் விழாதவர்போல இருந்தார். அந்தச் சொல்லை இன்னொரு முறை கேட்பதற்காக அவர் அப்படி இருந்ததாகத் தெரியவில்லை. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அத்தைக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார் என்றே இப்போது நினைக்கிறேன்.

"அவுங்க இல்ல பெரியப்பா. ரெண்டு வருசமாச்சு. இல்ல."

அம்மன் முன்னால் கூட்டத்தில் சொன்ன வார்த்தையை நாட்டாரால் மீற முடியாது. மாமாவைப் பார்த்துக் கையைக் காட்டினார். மாமா பேனாவை எடுத்து ஒரு பேரை அடித்தார். நல்ல எழுத்து அவருக்கு. அன்று அந்தக் கோடு மட்டும் கோணலாகப் போனது. பிறகு, என்ன பேர் எழுதவேண்டும் என்று தெரியாதவர்போல நிமிர்ந்து பார்த்தார்.

"அஞ்சலாட்சி" என்றார் அத்தை.

நாட்டார் அந்தப் பேரைக் கூப்பிட்டார். "இருக்கேன்" என்று சொல்லி அத்தை திருநீறு வாங்கிக்கொண்டார். மாமா புத்திர பௌத்திர என்ற இரண்டு வார்த்தைகளையும், யாரும் சொல்லாமலே, சத்தமில்லாமல் அடித்தார்.

அத்தையின் பேரை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒருவர் கூப்பிடக் கேட்டேன். அதுவரை அவர் இன்னாரின் தங்கை, இன்னார் வீட்டுப் பெண், இன்னாரின் அம்மா. எனக்கு அது ஊரே கண்டுபிடித்துக் கொடுத்த பேர்போல இருந்தது.

நம் நாட்டின் முதல் பொதுத்தேர்தலைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பாயின் விளிம்பு என் நினைவுக்கு வரும். சட்டம் ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்காமல் எல்லோருக்கும் ஓட்டு என்று சொல்லிவிட்டது. ஆனால் பட்டியல் எடுக்கப் போனபோது லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பேரைச் சொல்ல மறுத்தார்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே சொன்னார்கள். சொந்தப் பேர் சொல்லாதவர்களைச் சேர்க்க முடியாது என்று விட்டுவிட்டார்கள். அவர்கள் ஏன் சொல்லவில்லை என்பதற்குப் புத்தகங்களில் கூச்சம், வழக்கம், அறியாமை என்று காரணங்கள் இருக்கின்றன. எனக்கு அவை போதவில்லை. அவர்களில் யாராவது ஒருத்தி, பேரைச் சொன்னால் கூடவே எதைச் சொல்லவேண்டியிருக்கும் என்று தெரிந்து, வாயை மூடிக்கொண்டிருக்கவும் கூடும்.

இதெல்லாம் பிறகு யோசித்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அத்தை கேட்டார், ஊர் கொடுத்துவிட்டது. கூட்டம் கலைந்ததும் குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, 'அஞ்சலாட்சி, இருக்கேன்' என்று நாட்டார் குரலிலும் அத்தை குரலிலும் மாறி மாறிக் கத்திக்கொண்டு தெருவில் ஓடினேன். யாரும் என்னை அதட்டவில்லை. பெண்கள் அத்தையிடம் வராமல் தள்ளித் தள்ளி நின்றதும், அம்மா நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டதும் எனக்கு விசித்திரமாக இருந்தன. ஜெயித்த வீட்டில் இப்படியா இருப்பார்கள் என்று நினைத்தேன்.

அத்தை யாரையும் பார்க்காமல் தெருக்கோடி அடிபம்புக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடி, கேட்காமலே கைப்பிடியைப் பிடித்து அடித்தேன். தண்ணீர் வந்தது. அத்தை குனிந்து இரண்டு கையாலும் பிடித்து நெற்றியைக் கழுவினார். கழுவிவிட்டு விரலைப் பார்த்தார். திரும்பவும் கழுவினார். கூட்டத்தில் காற்றடித்ததே, மணல் ஒட்டியிருக்கும், சரியாகப் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் என் பலத்தையெல்லாம் கூட்டி இன்னும் வேகமாக அடித்தேன்.